சடோஷியைப் 'பிடித்த' பத்திரிகைகள்

விண்டோஸ் கணினியில் தமிழ் படிக்கிறவர்கள் எல்லாரும் நிர்மலா யூஐ எழுத்துருவைப் பார்த்திருப்பார்கள், அதன் பெயர் தெரியாமலே. தமிழ், தேவநாகரி, தெலுங்கு என்று இந்திய எழுத்துகளுக்காக மைக்ரோசாஃப்ட் 2012-இல் விண்டோஸ் 8 உடன் வெளியிட்ட எழுத்துரு அது. 2024-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில் அதன் பெயர் அடிபட்டது.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கணினியாளர் கிரெய்க் ரைட், பிட்காயினைக் கண்டுபிடித்த சடோஷி நகமோட்டோ நான்தான் என்று 2016 முதல் வெளிப்படையாகச் சொல்லிவந்தவர். பிட்காயின் பிறந்த காலத்திலேயே எழுதியவை என்று அவர் தரப்பு கோப்பு கோப்பாகத் தாக்கல் செய்தது. அவற்றில் ஒன்றைத் தடயவியல் வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தால் உள்ளே நிர்மலா யூஐ. 2012-இல் வந்த எழுத்துரு 2008-க் காலத்துக் கோப்புக்குள் எப்படிப் போகும்? இப்படிப் பல ஓட்டைகள். மார்ச் 14-ஆம் தேதி வாதங்கள் முடிந்த கையோடு நீதிபதி மெல்லர் சொல்லிவிட்டார்: ரைட் சடோஷி அல்ல. மே மாதம் வந்த விரிவான தீர்ப்பு, பெரிய அளவில் ஆவணங்களைப் போலியாகத் தயாரித்திருக்கிறார் என்றது.

அப்படியானால் சடோஷி யார்? கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயிலில் பொத்தேரியில் ஏறும் பொறியியல் மாணவர்கள், மறைமலைநகர் வந்து சேர்வதற்குள் இதற்கு மூன்று பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றும் எங்கோ படித்த செய்திகள்தாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உலகின் பெரிய பத்திரிகைகளே பதினைந்து ஆண்டுகளாக இந்த விளையாட்டைத்தான் ஆடுகின்றன.

உறுதியாகத் தெரிந்தவை கொஞ்சம். 2008 அக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்க ஆய்வறிக்கை ஒன்று வெளியானது. வங்கி நடுவில் இல்லாமல் கணினிகளே தங்களுக்குள் கணக்கு வைத்துக்கொள்ளும் பணம் எப்படி இயங்கும் என்பதுதான் அதன் பொருள். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் கணக்குத் தொகுதிக்குள், வங்கிகளைக் காப்பாற்ற அரசு மறுபடி பணம் கொட்டப்போவது பற்றிய லண்டன் டைம்ஸ் தலைப்பு பொதிந்திருந்தது. ஜனவரி 12-இல் ஹால் ஃபின்னி என்ற அமெரிக்க நிரலாளருக்குப் பத்து நாணயங்கள் போயின. 2010 டிசம்பரோடு பொதுவெளியில் பேச்சு நின்றது. 2011 ஏப்ரலில், வேறு வேலைகளுக்குப் போய்விட்டதாகச் சிலருக்குத் தனியே மின்னஞ்சல். அவ்வளவுதான், ஆள் மறைந்துவிட்டார். ஆணா, பெண்ணா, ஒருவரா, குழுவா என்பதுகூடத் தெரியாது.

விட்டுப்போன சொத்துதான் ஊரைத் தூங்கவிடவில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த செர்ஜியோ லெர்னர், தொடக்ககாலத் தொகுதிகளில் ஓர் எண் ஏறிக்கொண்டே போகும் விதத்தை 2013-இல் கவனித்தார். ஒரே ஆளின் இயந்திரம் விட்ட தடம்போல அது சீராக இருந்தது. அந்தத் தடம் உள்ளவை ஏறத்தாழ 22,000 தொகுதிகள். தொகுதிக்கு 50 நாணயம் என்றால் 11 லட்சம் பிட்காயின். அநேகமாக எதுவும் இன்றுவரை செலவாகவில்லை.

துப்பு தேடியவர்களுக்குக் கிடைத்த துப்புகளோ ஆளுக்கு ஒரு திசையைக் காட்டின. சுயவிவரத்தில் ஜப்பான், பிறந்த ஆண்டு 1975. ஆங்கிலத்தில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு இடைவெளி விடும் பழைய தட்டச்சுப் பழக்கம். சடோஷி இணையத்தில் பதிவிட்ட நேரங்களை ஒருவர் வரைபடமாக்கிப் பார்த்தபோது, கிரீன்விச் நேரம் காலை 5 முதல் 11 வரை ஏறக்குறைய எதுவுமில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அது நடுராத்திரி, ஆகவே ஆள் அங்கே தூங்கியிருக்கிறார் என்றார்கள். நம் கடிகாரத்தில் அதே ஆறு மணி நேரம் காலை பத்தரையிலிருந்து மாலை நாலரை வரை. மேலாளர் பார்த்துக்கொண்டிருந்ததால் எழுத முடியாமல் போன மறைமலைநகர் தொழிற்பேட்டை ஊழியர் என்று நான் வாதாடினால், அதே வரைபடம் எனக்கும் சாட்சி சொல்லும்.

2011-இல் நியூயார்க்கர் இதழ் டப்ளினில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைச் சுட்டியது. அதே ஆண்டு ஃபாஸ்ட் கம்பெனி இதழ், ஒரு காப்புரிமை விண்ணப்பத்தில் இருந்த அபூர்வமான சொற்றொடர் சடோஷியின் அறிக்கையிலும் வருகிறது என்று மூன்று பேரைச் சுட்டியது. எல்லாரும் மறுத்தார்கள். 2014 மார்ச்சில் நியூஸ்வீக் செய்ததுதான் கொடுமை. கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவருக்குப் பிறப்பிலேயே சடோஷி நகமோட்டோ என்ற பெயர் இருந்தது. அவர் வாசலில் சொன்ன ஒரு வாக்கியத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அட்டைப்படக் கதை போட்டார்கள். வீட்டைச் செய்தியாளர் கூட்டம் சூழ்ந்தது. அவர் காரில் ஏறிப் போனால் பின்னாலேயே வண்டிகள் துரத்தின. பிட்காயின் என்ற சொல்லையே அண்மையில்தான் கேள்விப்பட்டேன் என்றார் அந்த மனிதர். ஹால் ஃபின்னியும் பல ஆண்டுகள் அதே ஊரில்தான் குடியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டு இன்னொரு சுற்றுக் கதை கிளம்பியது. உலகத்தில் இத்தனை தெருக்கள் இருக்கும்போது தற்செயல்களுக்கா பஞ்சம்?

இந்தத் தேடலில் அறிவியல் என்று சொல்லத்தக்கது நடையளவியல். ஒருவர் எழுத்தில் அவரை அறியாமல் விழும் சின்னச் சொற்களை எண்ணுவது. பெரிய சொற்கள் பொருளுக்கேற்ப மாறும், வேண்டுமென்றே மாற்றவும் முடியும். 'ஆனால்', 'கூட', 'என்று' போன்றவற்றை யாரும் யோசித்துப் போடுவதில்லை. அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து 1787–88-இல் புனைபெயரில் வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா மேடிசனா என்ற சண்டை நெடுங்காலம் நடந்தது. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964-இல் அதைத் தீர்த்தார்கள். 'அப்பான்' என்ற ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு மூன்று முறை போடுவார், மேடிசனிடம் அது அபூர்வம். இதுபோன்ற பல சொற்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் மேடிசன் பக்கம் தராசு சாய்ந்தது.

தமிழிலும் இது நடந்திருக்கிறது. 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பெயர் போடாத கட்டுரைகள் ஏராளம். பிரிட்டிஷ் ஆட்சியில் பெயர் போடுவது சிறைக்கு முகவரி கொடுப்பது. அந்தக் கட்டுரைகளில் எவை பாரதியுடையவை என்பது பதிப்பாளர்களுக்குத் தீராத கேள்வி. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் புள்ளியியல் ஆய்வாளர்கள் சிலர் பாரதி, ஜி.சுப்பிரமணிய ஐயர், திரு.வி.க. ஆகிய மூவரின் நடையை எண்களாக்கி, பெயரற்ற கட்டுரைகளை அவற்றோடு ஒப்பிட்டார்கள். ஆங்கிலத்தைவிட இது கடினம். நமக்கு வேற்றுமையும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும், பிரித்த பிறகுதான் எண்ண முடியும்.

அதே 'இந்தியா'வில்தான் நியூஸ்வீக் கதையின் மூத்த அண்ணனும் இருக்கிறது. இதழை நடத்தியது பாரதி, சட்டப்படி ஆசிரியராகப் பதிவானவர் எம்.சீனிவாசன். 1908-இல் அரசு பதிவேட்டைப் பார்த்துச் சீனிவாசனைப் பிடித்தது. ஐந்தாண்டுத் தண்டனை. பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். காகிதத்தில் இருந்த பெயர் உள்ளே போனது, எழுதிய கை வெளியே இருந்தது.

சடோஷிக்கு வருவோம். 2014-இல் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் சிலரின் எழுத்தோடு அறிக்கையை ஒப்பிட்டு, நிக் ஸாபோ என்ற கணினியாளர் மிக நெருக்கம் என்றார்கள். மறு ஆண்டு நியூயார்க் டைம்ஸும் அவர் பக்கம் கைகாட்டியது. அவர் மறுத்தார். இங்கேதான் வாசகர் நிதானிக்க வேண்டும். நடையளவியல் கொடுத்த பட்டியலில் யார் மிக நெருக்கம் என்று மட்டுமே சொல்லும். உண்மையான ஆள் பட்டியலிலேயே இல்லாவிட்டாலும் யாரையாவது ஒருவரை முதலிடத்தில் வைத்துத்தான் தீரும். ஃபெடரலிஸ்ட் வழக்கில் போட்டி இருவருக்குள் என்று வரலாறே முடிவுகட்டியிருந்தது. 'இந்தியா' இதழிலும் வட்டம் சிறியது. சடோஷியை எந்த வட்டத்துக்குள் தேடுவது? தவிர, ஒன்பது பக்கம் மிகக் குறைவு. அதிலும் பாதி அந்தத் துறையார் எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் கலைச்சொல்.

நடையா பெயரா என்ற வழக்குக்கு எங்கள் மாவட்டத்திலேயே, மாமல்லபுரத்தில், பழைய சாட்சி நிற்கிறது. தூணின் பருமன், சிங்கத்தின் பிடரி, கோபுர அமைப்பு ஆகியவற்றின் நடையை வைத்து, பல்லவ மன்னன் மகேந்திரன் தொடங்கி மாமல்லன், ராஜசிம்மன் வரை பல தலைமுறை வேலை என்று காலவரிசை கட்டினார்கள். 1962-இல் தொல்லியல் ஆய்வாளர் இரா.நாகசாமி கல்வெட்டைக் கையில் எடுத்தார். கணேச ரதத்திலும் தர்மராஜ ரதத்திலும் வரும் 'அத்யந்தகாமன்' என்ற விருது ராஜசிம்மனுடையது, ஆகவே எல்லாம் அவன் ஒருவனே செய்தது என்றார். ஏற்கெனவே குடைந்து முடித்ததில் பின்னால் வந்தவன் தன் பெயரை வெட்டிக்கொண்டிருக்கலாமே என்று மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. கல்லில் போட்ட கையெழுத்துக்கு இந்தப் பலவீனம் உண்டு, அதை யாரும் வந்து வெட்டலாம்.

பிட்காயினில் அது முடியாது. ஒவ்வொரு நாணயத்துக்கும் பின்னால் 256 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண். இருக்கக்கூடிய எண்களின் தொகை 1-க்குப் பின் 77 சுழியம் போட்ட அளவு. ரகசிய எண்ணிலிருந்து, எல்லாரும் பார்க்கக்கூடிய பொதுச்சாவி என்ற இன்னோர் எண்ணைக் கணக்கிடலாம், பொதுச்சாவியிலிருந்து ரகசியத்துக்குத் திரும்ப வழி இல்லை. எந்த வாசகத்தையும் அந்த ரகசிய எண்ணால் முத்திரையிட்டால், பொதுச்சாவியை வைத்து உலகில் யார் வேண்டுமானாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிபார்க்கலாம். வாசகத்தில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை செல்லாது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் செய்த இக்கோஸ்போர்ட் ஒன்று தெருவில் நிற்கிறது, யாருடையது என்று சண்டை என்றால், வண்டியின் நிறத்தையும் கீறலையும் வர்ணிப்பவரிடம் என்ன பேச்சு? சாவியை அமுக்கிக் காட்டினால் முடிந்தது.

ரைட் 2016-இல் இதைச் செய்துவிட்டதாகத்தான் அறிவித்தார். பிபிசியும் எகனாமிஸ்டும் முன்வரிசையில் இருந்தன. அவர் வலைத்தளத்தில் வைத்த கையொப்பத்தைப் பாதுகாப்பு நிபுணர்கள் சில மணி நேரத்தில் சோதித்துவிட்டார்கள். அது 2009-இல் சடோஷி செய்த பரிமாற்றம் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. எல்லார் கண்ணிலும் படும்படி பொதுப்பேரேட்டில் ஏழு ஆண்டுகளாகக் கிடந்த முத்திரை. இத்தனைக்குப் பிறகும் விவகாரம் நீதிமன்றம் போய் முடிய இன்னும் எட்டு ஆண்டுகள் பிடித்தன. இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். சரிபார்க்கும் நிரல் இலவசம், ஓட்டத் தெரிந்த கல்லூரி மாணவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

பாடம் படித்த மாதிரித் தெரியவில்லை. 2024 அக்டோபரில் எச்பிஓ ஆவணப்படம் கனடாவின் பீட்டர் டாட்தான் சடோஷி என்றது. அவர் மறுத்ததோடு, உயிருக்குப் பயந்து மறைந்து வாழவேண்டி வந்தது என்றார். கோடிக்கணக்கான டாலர் ஒருவர் வீட்டில் இருப்பதாக ஊரறியச் சொன்னால் வேறென்ன நடக்கும்? கிரிப்டோ நாணயம் சட்டப்படி ஒரு சொத்துதான் என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒரு வழக்கில் சொன்னது. சொத்து என்று வந்துவிட்டால் திருடனும் கூடவே வருவான்.

அடுத்த சடோஷி விரைவில் வருவார். ஏதாவது வார இதழின் அட்டையில் வரலாம், ஜிஎஸ்டி சாலை ஓட்டல் ஒன்றில் முதலீட்டுக் கூட்டம் போட்டும் வரலாம். முதல் தொகுதிகளின் சாவியால் முத்திரையிட்ட ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இதுவரை வந்தவர்களில் ஒருவரும் அதைக் காட்டவில்லை.