கன உலோகம் என்னும் இசைப்பெயர்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்கு ஏறும் வழியில் வித்துரா என்னும் சிற்றூர் இருக்கிறது. அதனைச் சூழ்ந்த மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் உழைப்பதற்காக நம்மவர் பலர் முற்காலத்தே வந்து குடியேறினர். இன்று அவ்வூரில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகமும் விளங்குகின்றது. அங்குப் பயிலும் வேதியியல் மாணவரிடம் 'ஹெவி மெட்டல்' யாதென வினவினால், ஈயம், பாதரசம் போன்ற கன உலோகம் என்பார். திருவனந்தபுரத்து இசை இளைஞரை வினவினாலோ, 2005இல் அந்நகரில் தோன்றிய 'கேயாஸ்' குழுவின் முழக்கத்தைச் சுட்டுவார். ஆய்வுக்கூடத்துச் சொல் இசையரங்கு ஏறியது எவ்வாறு?

ஜெர்மானிய வேதியியலறிஞர் லியோபோல்டு குமேலின் 1817இல் தனிமங்களை அலோகம், இலேசான உலோகம், கன உலோகம் என மூவகையாகப் பகுத்தார். கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 கிராமுக்கு மேல் அடர்த்தியுடையவை கன உலோகங்கள் எனப்பட்டன. பின்னர் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸ், 1964இல் வெளிவந்த 'நோவா எக்ஸ்பிரஸ்' என்னும் நாவலில், போதைப்பொருளுக்கு உருவகமாக அச்சொல்லை ஆண்டார். 1968இல் ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் 'பார்ன் டு பி வைல்டு' என்னும் பாட்டிலும் அது ஒலித்தது. ஆங்கே அது இசை வகையைக் குறிக்கவில்லை. மோட்டார் சைக்கிளின் இடிமுழக்கத்தையே குறித்தது.

இசைக்கு அப்பெயரைச் சூட்டியவர் விமரிசகரே. 1970 நவம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் மைக் சாண்டர்ஸ், 'ஹம்பிள் பை' குழுவின் இசைத்தட்டை இகழ்வதற்கே அச்சொல்லைக் கையாண்டார். ஆறு திங்கள் சென்று, 1971 மேயில், 'கிரீம்' இதழில் மற்றொரு குழுவைப் பாராட்டவும் அவரே அதனை எடுத்தாண்டார். இகழ்மொழி புகழ்மொழியாயிற்று.

இவ்விசைக்கும் மெய்யான உலோகத்திற்கும் உறவு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் தொழில் நகரில் டோனி அயோமி என்னும் இளைஞர், தகட்டு ஆலை இயந்திரத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டு மீண்டும் கிதாரை எடுத்தார். வலியைக் குறைக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் தாழ்த்தித் தந்திகளைத் தளர்த்தினார். அதனால் ஒலி கனத்தது. 1970இல் அவருடைய 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

ஓசையை வன்மை மென்மையால் பகுப்பது நமக்குப் புதிதன்று. வல்லினம், மெல்லினம் என்பது நம் இலக்கணம். மெல்லிசை என்பது வானொலி நமக்குப் பழக்கிய சொல். ஆகவே இதனை 'வல்லிசை' என்று நாம் வழங்கினும் பொருந்தும்.

கேரளத்தில் நம்மை ஏளனமாகப் 'பாண்டி' என்று அழைப்பாரும் உளர். பாண்டிய நாட்டார் என்னும் பழம்பொருளன்றி அச்சொல்லில் இழிவு யாதுமில்லை. பிறர் இகழ்ந்து இட்ட பெயரையே ஒரு தலைமுறை தன் கலையால் உயர்த்திக்கொண்டது. அயல் மண்ணில் வாழும் நாமும் நம் உழைப்பால் அவ்வாறு செய்தல் கூடும்.