கினிக்கோழி வளர்க்க ஆசையா? முதலில் இடத்தைப் பாருங்க!

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருந்தாலே, "நாலு கோழி வாங்கி விடலாமே" என்று தோன்றும். அதிலும் கினிக்கோழி என்றால் ஆசை கூடும். நோய் குறைவு, பூச்சியையும் உண்ணியையும் தானே பொறுக்கித் தின்னும், தீவனச் செலவு கம்மி. எல்லாம் உண்மைதான். ஆனால், காலாற மேய இடம் இருந்தால்தான் இந்த லாபம் கிடைக்கும். எனவே குஞ்சு வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

பக்கத்து வீடு

கினிக்கோழி ஒரு காவல்காரன். புது ஆள், பூனை, பாம்பு என எதைக் கண்டாலும் கூட்டமாகக் கத்தும். தோப்பில் இது வசதி. சுவரோடு சுவர் ஒட்டிய ராயபுரம் சந்தில் இதுவே சண்டை. சுற்றியிருப்பவர்களின் சுகாதாரத்தைக் கெடுக்கும் வகையில் பிராணிகளை வைத்திருப்பது பொதுச் சுகாதாரச் சட்டம், 1939-ன்படி தொல்லையாகக் கருதப்படும். ஒட்டுக் குடியிருப்பு என்றால் நாட்டுக்கோழியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மண்

மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் முட்டையில் அந்த மண்ணில் உள்ள ஈயம் போன்ற உலோகங்களும் சேரும். சாம்பல் படியும் இடம், பழைய இரும்புக் கடை இருந்த இடம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் புகுந்த இடம் ஆகியவற்றில் மேய விடாதீர்கள். சிமென்ட் தரையில் உமி பரப்பிய கொட்டகையில் வளர்க்கலாம். ஆனால் அப்போது தீவனம் முழுக்க உங்கள் செலவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மழை

பெரிய கினிக்கோழி எதையும் தாங்கும், குஞ்சு தாங்காது. முதல் சில வாரங்களில் ஈரமும் குளிரும் பட்டால் கொத்தாகச் செத்துவிடும். முட்டை பொரிய 26 முதல் 28 நாள் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் பொரித்த குஞ்சுகளை வாங்கினால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இறகு முளைத்துத் தேறிவிடும்.

முதல் வாரம் சுமார் 35 டிகிரி வெப்பம் கிடைக்கும்படி பல்பு போடுங்கள். கீழே செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கிக் கால் விரிந்துவிடும். சாக்குத்துணி போதும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் குஞ்சு அதில் விழுந்து நனைந்துவிடும்.

என்ன கிடைக்கும்?

வளர்ந்த பறவை ஒன்றரை கிலோ வரை இருக்கும். முட்டை ஏறக்குறைய 40 கிராம். ஓடு கெட்டியாக இருக்கும். ஆனால் வருடம் முழுக்க இடாது, பெரும்பாலும் கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும்தான். மாதாமாதம் முட்டை வருமானத்தை நம்பி இறங்க வேண்டாம்.

யாரிடம் கேட்பது?

மாதவரம் பால்பண்ணையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொட்டகை, தீவனம் பற்றிய சந்தேகங்களை அங்கே கேட்கலாம். கோழிக்கழிச்சல் நோய்க்கு பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கினிக்கோழிக்கும் இந்த நோய் வரும் என்பதால், எப்போது ஊசி போடுவது என்று அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 1962.

ஒரே நேரத்தில் பல பறவைகள் செத்தால் அறுக்காதீர்கள், குப்பையிலும் வீசாதீர்கள். உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அது உங்கள் கோழியை மட்டுமல்ல, தெருவையே காப்பாற்றும்.