பக்கத்தில் வைத்துப் படிப்பது

நிறையப் படித்தால் எழுத்து தானாக வரும் என்பார்கள். அது பாதி உண்மைதான். அலமாரி அலமாரியாக நாவல் படித்தவர்கள்கூட ஒரு பக்கம் எழுதச் சொன்னால் திணறுகிறார்கள். கதையின் ஓட்டத்தில் போகும்போது கண் வாக்கியத்தில் நிற்பதில்லை. அது கட்டப்பட்ட விதம் தெரிய வேண்டுமானால் வேறு மாதிரி படிக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழியைத் தானே வகுத்துக்கொண்டவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பாஸ்டனில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகிய பையன் அவர். நண்பனுக்கு எழுதிய வாதக் கடிதங்களைப் பார்த்த அப்பா, எழுத்துப்பிழை இல்லை, ஆனால் தெளிவும் சொல்நயமும் போதாது என்று இடம் காட்டிச் சொன்னார். அந்தச் சமயத்தில், லண்டனில் 1711இல் தொடங்கிய ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் தொகுதி ஒன்று கைக்குக் கிடைத்தது.

அதில் ஒரு கட்டுரையை எடுத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் கருத்தை மட்டும் சுருக்கமாகக் குறித்துக்கொள்வார். சில நாள் ஆறப்போட்டு, மூலத்தைப் பார்க்காமல் குறிப்பை வைத்தே கட்டுரையைத் திரும்ப எழுதுவார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவார். சொல் போதவில்லை என்று தெரிந்ததும் சில கதைகளைச் செய்யுளாக்கினார். யாப்பு தெரிந்த தமிழருக்கு இது உடனே புரியும்: எதுகைக்கும் சீருக்கும் ஒத்துவர, அதே பொருளில் வேறு சொல்லைத் தேடித்தான் ஆக வேண்டும். மூலம் மறந்த பிறகு அந்தச் செய்யுளை மறுபடி உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கலைத்துவிட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தியும் பழகினார்.

இதில் உயிரான பகுதி அந்த ஒப்பீடுதான் என்பேன். ஒரு கதையில் இப்படி ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம்: “தந்தி வந்த பிறகும் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.” உங்கள் குறிப்பு, ‘தந்தி வந்தது, வேலையைத் தொடர்ந்தாள்’. நாலு நாள் கழித்து நீங்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “தந்தியைக் கண்டு அதிர்ந்துபோன அவள், செய்வதறியாது வேலையைத் தொடர்ந்தாள்.” இப்போது இரண்டையும் பாருங்கள். மூலத்தில் அதிர்ச்சி என்ற சொல்லே இல்லை. ‘பிறகும்’ என்பதிலுள்ள ‘உம்’ அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. ‘வேலை’ என்று நீங்கள் பொதுவாகச் சொன்ன இடத்தில் அங்கே அரிசி இருக்கிறது. வெறுமனே நூறு முறை படித்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது. நாமே எழுதிப் பார்த்ததால் பட்டது.

சில சின்ன இடங்களில் தன் வரி மூலத்தைவிட நன்றாக அமைந்ததாகவும் பிராங்க்ளினுக்குத் தோன்றியது. 1722இல், பதினாறு வயதில், ‘சைலன்ஸ் டூகுட்’ என்ற விதவையின் பெயரில் பதினான்கு கடிதங்களை அண்ணனின் பத்திரிகைக்கே எழுதினார். எழுதியது தம்பி என்று தெரியாமலே அண்ணன் அச்சிட்டார்.

தொடங்குகிறவர்கள் அரைப்பக்கத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். கதையைவிடக் கட்டுரை முதலில் எளிது. குறிப்பெடுக்கக் கருத்துகள் தனித்தனியாக நிற்கும். உங்களுக்கு மிகவும் பிடித்த பக்கமாக இருக்கட்டும், ஏனென்றால் அதை ஐந்தாறு முறை திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.