ஏட்டை அளந்த கோல் ஆளை அளக்கலாமா?

பதவி உயர்வு கேட்டுப் பேராசிரியர் ஒருவர் வந்து நிற்கிறார். அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்துப் பார்க்கிறார்களா? இல்லை! அது வெளியான இதழுக்கு என்ன எண் என்று பார்க்கிறார்கள். சோற்றைச் சுவைக்காமல், பாத்திரத்தின் விலை கேட்டுச் சமையலுக்குப் பரிசு தருவதைப் போன்ற கூத்து இது!

அந்த எண்ணுக்குப் பெயர் 'இம்பாக்ட் ஃபாக்டர்' — தாக்கக் காரணி. அமெரிக்க அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1955-ல் விதைத்த எண்ணம். ஓர் இதழில் முந்தைய ஈராண்டுகளில் வந்த கட்டுரைகளைப் பிறர் இவ்வாண்டில் எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்று கூட்டி, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். எந்த இதழை வாங்கலாம் என நூலகத்தார் தேர்ந்திட உதவிய கணக்கு! அதிலும், சில கட்டுரைகளே சராசரியைத் தூக்கி நிறுத்தும். மற்றவை அதன் நிழலில் இளைப்பாறும்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் புள்ளிக் கணக்கைப் புகுத்தியது. புள்ளிக்குப் பதவி என்றதும், காசுக்குக் கட்டுரை அச்சிடும் கடைகள் காளான்களாயின. 2018 மே மாதம் 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்தே குழு நீக்கிற்று. சேர்த்தவர் யார்? நீக்கியவரேதான்! அடுத்து வந்த 'கேர்' பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது. பட்டியல்கள் மாறின, படித்துப் பார்க்கும் பழக்கம் வந்ததா?

பிரிட்டனின் பீட்டர் ஹிக்ஸ் 1964-ல் எழுதிய கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பியது. வேறோர் இதழ் வெளியிட்டது. 2013-ல் நோபல் பரிசு! இன்றைய முறையில் தமக்கு வேலையே கிடைத்திராது என்று அவ்வாண்டு அவரே சொன்னார். கல்வெட்டையும் சுவடியையும் ஆய்ந்து தமிழில் எழுதுகிறவரின் கதி என்ன? ஆங்கில இதழ்களே நிறைந்த கணக்கேட்டில் அவர் எந்த எண்ணைக் காட்டுவார்?

"எண் இல்லாவிட்டால் சலுகை நுழையும், சாதி நுழையும்" என்பர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் காசுக்கு வாங்கத்தக்க எண்ணா அதைத் தடுக்கும்? சிறந்த ஐந்து கட்டுரைகளை மட்டும் கேளுங்கள். துறையறிந்தோர் படிக்கட்டும். கொடுத்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தரட்டும். ஆளை அளக்க இதழின் எண் வேண்டாம் என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியோர் வகுத்த அறிக்கையும் அறிவுறுத்துகிறது.

மாணவனைப் படி படி என்று சொல்லும் மன்றங்களே, ஆசிரியர் எழுதியதை நீங்களும் கொஞ்சம் படியுங்கள்!