காயலில் போன சாட்சி

ஓட்டல் கேமராவின் ஹார்ட் டிஸ்க்கைத் தேடி 2021ல் கொச்சிக் காயலில் முக்குளிப்பு வீரர்கள் இறங்கினார்கள். கிடைத்திருந்தால் அதிலிருந்த காட்சிகள் மீண்டிருக்குமா?

பாலத்தின் மேல் கூட்டம். கீழே படகுகள். கலங்கலான நீரில் முங்கி எழும் தீயணைப்புத் துறை வீரர்களைப் பார்த்து, யாரோ விழுந்துவிட்டார்கள் என்றுதான் புதிதாக வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். 2021 நவம்பர் கடைசி வாரத்தில் கொச்சி கண்ணங்காட்டுப் பாலத்தடியில் அவர்கள் துழாவியது ஒரு பாக்கெட் நாவலைவிடச் சற்றே சிறிய, அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகப் பெட்டியை. கேமரா பதிவுகள் அடங்கிய ஹார்ட் டிஸ்க்.

அந்த மாதம் 1ம் தேதி அதிகாலை கொச்சி புறவழிச் சாலையில் ஒரு கார் விபத்துக்குள்ளானது. 2019ன் மிஸ் கேரளா அன்சி கபீரும், அதே போட்டியில் இரண்டாமிடம் பெற்ற அஞ்சனா ஷாஜனும் உயிரிழந்தார்கள். உடனிருந்த இளைஞர் ஒருவர் பிறகு மருத்துவமனையில் இறந்தார். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஓட்டலில் நடந்த விருந்து முடிந்து திரும்பும் வழி அது. விருந்தில் என்ன நடந்தது? யார் யார் இருந்தார்கள்? காரைப் பின்தொடர்ந்தது யார்? போலீஸ் கேட்ட இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஓட்டலின் கேமராக்கள் பதில் வைத்திருந்திருக்கும். ஆனால் அந்தப் பதிவுகள் இருந்த டிஸ்க் காணோம். அதைக் காயலில் வீசிவிட்டதாக விசாரணையில் தெரிய வந்தது என்றது போலீஸ். ஓட்டல் உரிமையாளரும் ஊழியர்கள் சிலரும் கைதாகி ஜாமீனில் வந்தார்கள். தீயணைப்பு வீரர்களுக்குத் துணையாகக் கடலோரக் காவல் படையும் உள்ளூர் மீனவர்களும் வந்தார்கள். நாட்கணக்கில் தேடியும் பலனில்லை.

தண்ணீரில் விழுந்து மூன்று வாரம் ஆன டிஸ்க் கிடைத்துத்தான் என்ன பயன் என்று பலருக்கும் தோன்றியிருக்கலாம். அங்கேதான் பொதுவான எண்ணம் தவறு. தண்ணீர் மட்டுமே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பதிந்ததை அழிப்பதில்லை. எழுத்து மையில் இல்லை, காந்தத்தில் இருக்கிறது. ஈரம் பட்டு மை கலையலாம், காந்தம் கலையாது.

உள்ளே இருப்பது இதுதான். அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத் தகடுகள். அவற்றின் மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு. 7,200 சுற்று டிஸ்க் என்றால் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். தகட்டின் வெளி விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. படித்து எழுதும் தலை அதன் மேல், காற்றின் மெத்தையில், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அந்த இடைவெளி எவ்வளவு அற்பம் என்பது புரியும். சிகரெட் புகையின் துகள்கூட அங்கே பாறாங்கல். தலை தகட்டில் உரசிவிட்டால் காந்தப் பூச்சு தூளாக உதிரும். உதிர்ந்த இடத்தில் இருந்ததை எந்த மேதையாலும் மீட்க முடியாது.

பெரும்பாலான டிஸ்க்குகள் முழுக்க மூடப்பட்டவையும் அல்ல. உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாக இருக்க ஒரு சிறு துளை இருக்கும். அதை அடைக்கக் கூடாது என்று மேலேயே அச்சிட்டிருப்பார்கள். தண்ணீர் நுழையும் வழி அதுதான். நுழைந்த நீர் தகட்டை உடனே கெடுப்பதில்லை. முதலில் அரிப்பது அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையை. அதை மாற்றிவிடலாம். ஆபத்து தொடங்குவது டிஸ்க்கை வெளியே எடுத்த பிறகு. காய்ந்தால் உப்பும் சேறும் தகட்டின் மேல் படிகமாக ஒட்டிக்கொள்ளும். காற்று பட்டதும் துரு வேகமெடுக்கும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்துச் சுழலவிட்டால் தலை உப்புப் படிகத்தில் மோதி எல்லாவற்றையும் சுரண்டிவிடும். எனவேதான் தகவல் மீட்பு நிபுணர்கள் சொல்லும் யோசனை வீட்டில் நாம் செய்வதற்கு நேர் எதிராக இருக்கிறது: நனைந்த டிஸ்க்கை வெயிலில் வைக்காதே, அரிசி மூட்டையில் புதைக்காதே, ஈரத் துணியில் சுற்றிக் காற்றுப் புகாத பையில் போட்டு அப்படியே கொண்டு வா.

இதைவிட மோசமான நிலையிலிருந்து மீண்ட டிஸ்க் உண்டு. 2003 பிப்ரவரி 1ம் தேதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் பலியானார்கள். செனான் வாயுவைப் பற்றிய ஒரு பரிசோதனையின் முடிவுகள் அந்தக் கலத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. 400 மெகாபைட் கொள்ளளவு. இன்றைய செல்போன் வீடியோ ஒன்றுக்கே போதாது. சுமார் ஆறு மாதம் கழித்து டெக்சாஸில் ஒரு வறண்ட ஏரிப் படுகையில் அது கிடைத்தபோது உருகிப்போன உலோகக் கட்டியாக இருந்தது. மூடி இணைப்புகள் கருகி உள்ளே புழுதி புகுந்திருந்தது. அமெரிக்காவின் ஆன்டிராக் நிறுவனத்தின் பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸ் தகடுகளைக் கழற்றி, ரசாயனத்தால் கழுவி, அதே ரகத்தைச் சேர்ந்த நல்ல டிஸ்க்கின் உடலில் பொருத்தினார். பரிசோதனைத் தகவலில் 99 சதவீதம் திரும்பக் கிடைத்தது. ஆய்வு முடிவு 2008ல் அறிவியல் இதழில் வெளியானது. அதிர்ஷ்டமும் கைகொடுத்தது: டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது, சேதமடைந்த இடங்களில் பெரும்பாலும் எழுத்தே இல்லை. விண்ணிலிருந்து விழுந்ததே தப்பியது என்றால் பாலத்திலிருந்து விழுந்ததற்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இருந்தாலும் கேமரா டிஸ்க்குக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அதில் இடம் தீர்ந்ததும் மிகப் பழைய நாளின் மேல் புதிய நாள் பதிவாகும். தானாகவே. சில வாரம் பதிவு செய்துகொண்டே இருந்தால் போதும், யாரும் கை வைக்காமலே சாட்சி மறைந்துவிடும். வெறுமனே அழித்ததற்கும் மேலே எழுதியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு கோப்பை அழித்தால் புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடிப்பது போலத்தான். பக்கங்கள் அங்கேயே இருக்கும், பொறுமை உள்ளவர் தேடி எடுக்கலாம். மேலே எழுதிவிட்டால் அவ்வளவுதான். அவசரப்பட்டு அழிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. தெரிந்தவர்கள் வேறு வழி தேடுகிறார்கள்.

இயந்திரம் எவ்வளவுக்கெவ்வளவு நுட்பமோ அவ்வளவுக்கவ்வளவு நோஞ்சான். அந்த ஓட்டல் இருக்கும் ஃபோர்ட் கொச்சியை ஒட்டியே மட்டாஞ்சேரி. அங்கே யூதத் தெருக் கோடியில் 1568ல் கட்டிய பரதேசி யூத ஆலயம். இசுப்பு இரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் 72 உரிமைகள் வழங்கிய செப்பேடுகள் அந்தச் சமூகத்தின் கைவசம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தவை. தமிழகக் கல்வெட்டு ஆய்வாளர்களுக்குப் பழக்கமான அதே வட்டெழுத்து. சுமார் ஆயிரம் ஆண்டு ஆகியும் அதைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். மின்சாரம் வேண்டாம், சுழலும் தகடு வேண்டாம். 2017 ஜூலையில் இஸ்ரேல் சென்ற பிரதமர் மோடி நெதன்யாகுவுக்குக் கொடுத்த பரிசுகளில் கேரளச் செப்பேடுகளின் நகல்கள் இருந்தன. ஆயிரமாண்டு தாங்கும் செம்புக்கே நகல் எடுத்து வைக்கிறார்கள். ஐந்தாறு ஆண்டில் கண்ணை மூடக்கூடிய டிஸ்க்கில் கல்யாண போட்டோ, கணக்குப் புத்தகம், ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாவற்றையும் ஒரே பிரதியாக வைத்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

மட்டாஞ்சேரி போன்ற ஊரில் அந்த நிம்மதிக்கு ஆதாரம் இன்னும் குறைவு. மூன்று பக்கம் தண்ணீர், காற்றில் உப்பு, மாதக்கணக்கில் மழை. ஐப்பசியின் மாலை இடி வேறு. மின்னழுத்தம் எகிறினால் டிஸ்க்கின் பலகை கருகும். அதே மாதிரி டிஸ்க் ஒன்றை வாங்கிப் பலகையை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். பழைய காலத்தில் அது நடந்தது. இன்றோ ஒவ்வொரு டிஸ்க்கின் தலைக்கும் தகட்டுக்கும் ஏற்ற அளவீடுகள் அந்தப் பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கின்றன. சில்லையும் பெயர்த்துப் பொருத்தினால்தான் பலகை வேலை செய்யும்.

சாதாரண வீட்டில் டிஸ்க் சாகும் விதம் இவ்வளவு நாடகமாக இருப்பதில்லை. ஒருநாள் கம்ப்யூட்டர் மெதுவாகிறது. பிறகு ‘டிக்... டிக்...’ என்று ஒரே சீராகச் சத்தம். தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும் ஓசை அது. அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். யாரும் அணைப்பதில்லை. மறுபடி போட்டுப் பார்க்கிறோம், தட்டிப் பார்க்கிறோம், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறோம். அவன் ஏதோ ஒரு இலவச மென்பொருளை இறக்கி அதே டிஸ்க்கிலேயே பதிகிறான். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் உயிர் வரும் என்ற கைவைத்தியமும் உண்டு. சிக்கிக்கொண்ட பழைய டிஸ்க்குகள் சில அப்படி ஓடியிருக்கலாம். ஆனால் குளிர்ந்த தகட்டில் நீர் முத்து முத்தாகப் படியும், தலை அதில் மோதும். கடைக்கு வந்து சேரும்போது முதல் பழுதைவிட இரண்டாவது பழுது பெரிதாக இருக்கும்.

முறையாகச் செய்பவர்கள் கோப்புகளை முதலில் தேடுவதே இல்லை. நோயாளி டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் பிரதி எடுக்கிறார்கள். நல்ல பகுதிகளை முதலில் வேகமாக, கெட்ட பகுதிகளைக் கடைசியில் மெதுவாக. ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் செய்வதும் இதையே. பிறகு எல்லா வேலையும் பிரதியில். டிஸ்க்கைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் தூசி வடிகட்டிய அறையில் மட்டுமே திறக்கிறார்கள். செலவு ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தொடலாம். 2015 டிசம்பரில் சென்னையும் 2018 ஆகஸ்டில் கேரளமும் மூழ்கியபோது இந்தப் பாடத்தை எத்தனையோ குடும்பங்கள் சேற்றிலிருந்து பெட்டியை எடுத்த பிறகே படித்தன.

போலீஸ் வழக்கென்றால் மீட்டால் மட்டும் போதாது. மீட்டது மாறவில்லை என்று நிரூபிக்க வேண்டும். டிஸ்க்கில் எதுவும் எழுத முடியாதபடி தடுக்கும் கருவியை இடையில் வைத்தே பிரதி எடுக்கிறார்கள். மொத்தப் பதிவுக்கும் ‘ஹாஷ்’ என்ற நீண்ட அடையாள எண் கணக்கிடப்படுகிறது. ஒரு புள்ளி மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். இதற்கான மென்பொருள்களைத் திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனமே உருவாக்கியிருக்கிறது. மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் 2014ல் அறுதியிட்டதும் ஒரு கேரளத் தேர்தல் வழக்கில்தான். பிரச்சாரப் பேச்சும் பாட்டும் அடங்கிய சிடிக்கள் சான்றிதழ் இல்லாததால் தள்ளப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் சான்றிதழ் படிவத்தில் ஹாஷ் எண்ணுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கொச்சியில் காணாமல் போனவை எல்லாம் மீளாமல் போனதில்லை. 2019ல் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகிக்கொண்டிருந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்திலிருந்து டிஸ்க்குகளும் கம்ப்யூட்டர் சில்லுகளும் திருடு போயின. நாட்டின் பாதுகாப்பு ரகசியம் போய்விட்டதோ என்று டில்லி பதறியது. தேசியப் புலனாய்வு முகமை ஆயிரக்கணக்கானோரின் ரேகைகளைச் சலித்து 2020 ஜூனில் இருவரைப் பிடித்தது. ஒப்பந்தத்தில் பெயின்ட் அடிக்க வந்த வடமாநில இளைஞர்கள். பணத்துக்காகச் செய்ததாகத்தான் விசாரணை சொன்னது. சாதனங்கள் மீட்கப்பட்டன.

காயலில் ரேகை கிடையாது. வெல்லிங்டன் தீவின் இரு பக்கமும் கப்பல் கால்வாய்களாகப் பிரிந்து ஃபோர்ட் கொச்சி முனையில் கடலைச் சேரும் இந்த நீரில் நாளுக்கு இரு முறை வேலி ஏறி இறங்குகிறது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் ஓயாமல் படிவதால் துறைமுகம் ஆண்டு முழுவதும் தூர் வாரினால்தான் கப்பல் உள்ளே வர முடியும். அந்தச் சேற்றில் கை நீளத்துக்கு மேல் முக்குளிப்பவருக்குக் கண் தெரியாது. அரைக் கிலோ உலோகம் புதைய எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் அது ஒருமுறை மேலே வந்திருக்கலாம். தேடல் நடந்த நாட்களில் ஒரு செய்தி பரவியது. மீன் பிடிக்கப் போன ஒருவரின் வலையில் ஹார்ட் டிஸ்க் போன்ற ஒன்று சிக்கியதாம். என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. போலீஸ் எதைத் தேடுகிறது என்பதும் அப்போது தெரியாது. மீன்களை எடுத்துக்கொண்டு அதைத் திரும்பவும் தண்ணீரிலேயே போட்டுவிட்டாராம். போலீஸ் அந்த இடத்திலும் வலை வீசிப் பார்த்தது.