கொழுப்புக் குமிழிகள்

நம் உயிரணு ஒவ்வொன்றையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. அக்கொழுப்பு மூலக்கூற்றின் தலைப்பகுதி நீரை நாடும். வால்பகுதியோ நீரை விட்டு விலகும். 1960களில் இங்கிலாந்து அறிவியலாளர் அலெக் பாங்கம், முட்டையிலிருந்து எடுத்த இத்தகைய கொழுப்பைக் குடுவையில் உலர்த்தி, நீரூற்றிக் குலுக்கினார். வால்கள் உள்ளே மறைய, தலைகள் நீரை நோக்க, ஈரடுக்குச் சுவர் கொண்ட நுண்குமிழிகள் தாமாகவே உருவாயின. எப்பொருள் உயிரணுச் சவ்வைக் கடக்கும், எது கடக்காது என்பதை அறிய இவை மாதிரியாக உதவின.

இக்குமிழிகள் மருந்தையும் சுமக்கும். குளுக்கோமா நோயாளிகள் நாள்தோறும் கண்ணில் சொட்டு மருந்து இடத் தவறினால் பார்வை பறிபோகலாம். அதனால், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுப்பு வெங்கட்ராமனும் சிங்கப்பூர்த் தேசியக் கண் நிலைய மருத்துவர் டினா வோங்கும் மருந்தைக் குமிழிகளில் அடைத்து, ஊசிவழி கண்ணில் செலுத்தினர். ஆறு நோயாளிகளிடம் நடத்திய தொடக்கச் சோதனையில், ஒரே ஊசியின் பயன் மாதக்கணக்கில் நீடித்தது.