பாதி உலகம் ஒரே நகரில்!

முப்பத்து மூன்று கண்களுடைய பழம்பெரும் பாலம். அதன் நீளம் சுமார் 300 மீட்டர். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு கண்ணிலும் விளக்கு ஒளிர்கிறது. ஜனங்கள் சாரி சாரியாக வந்து பாலத்தின் மேல் உலாவுகிறார்கள். குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடுகின்றன. கிழவர்கள் ஓரமாக உட்கார்ந்து பழங்கதை பேசுகிறார்கள். எல்லாம் இருக்கிறது. ஆனால், வருஷத்தில் பல மாதங்கள் ஒன்றே ஒன்று மட்டும் இருப்பதில்லை. அதுதான் ஆற்றில் தண்ணீர்!

பாரசீகம் என்று பழைய நூல்கள் கூறும் ஈரான் நாட்டின் இஸ்பஹான் நகரில் காணும் காட்சி இது. வறண்டு கிடக்கும் அந்த ஆற்றின் பெயர் ஜாயந்தே ரூத். 'உயிர் தரும் நதி' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்!

மன்னர் அமைத்த மைதானம்

தலைநகரான தெஹ்ரானுக்குத் தெற்கே சுமார் 440 கிலோ மீட்டர் தூரத்தில், மலைகளும் பாலையும் சூழ்ந்த மேட்டு நிலத்தில் இருக்கிறது இஸ்பஹான். "இஸ்பஹான், பாதி உலகம்" என்பது பாரசீக மக்களின் பழமொழி. அந்த நகரைப் பார்த்துவிட்டால் உலகத்தில் பாதியைப் பார்த்தாகிவிட்டதாம்!

இந்தப் பெருமையைத் தேடித் தந்தவர் சபாவி வம்சத்து மன்னர் முதலாம் ஷா அப்பாஸ். 1598-ல் அவர் கஜ்வீன் நகரிலிருந்த தலைநகரை இங்கே மாற்றினார். நகரின் நடுவே பிரம்மாண்டமான சதுக்கம் ஒன்றை அமைத்தார். 560 மீட்டர் நீளம். 160 மீட்டர் அகலம். 'நக்ஷே ஜஹான்' என்பது அதன் பெயர். 'உலகத்தின் சித்திரம்' என்று பொருள். குதிரை மீதிருந்து பந்தடிக்கும் போலோ ஆட்டம் அந்தக் காலத்தில் இங்கேதான் நடந்தது. பந்தை அடித்துத் தள்ளும் எல்லைக்காக நட்ட கல் தூண்கள், அந்த ஆட்டத்தின் அடையாளமாக மிஞ்சின. 1979-ல் யுனெஸ்கோ இந்தச் சதுக்கத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சதுக்கத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அதிசயம். தெற்கே பெரிய மசூதி. கிழக்கே ஷேக் லுத்புல்லா மசூதி. மேற்கே ஆலி காப்பு அரண்மனை. வடக்கே கடைவீதியின் நுழைவாயில். ஆண்டவன், அரசன், அங்காடி மூன்றையும் ஒரே முற்றத்தைச் சுற்றி அமைத்த மன்னரின் சாமர்த்தியத்தை என்னவென்பது!

கோணலில் ஒரு கலை

பெரிய மசூதியின் வேலை 1611-ல் ஆரம்பமாயிற்று. அதன் வாசல் நேராகச் சதுக்கத்தைப் பார்க்கிறது. உள்ளே போனாலோ கட்டடம் முழுவதும் சாய்வாகத் திரும்பியிருக்கிறது. காரணம், தொழுகை மக்காவை நோக்கி நடக்க வேண்டும். சதுக்கமோ வேறு திசையில் அமைந்துவிட்டது. இரண்டையும் இணைக்க, வாசலைத் தாண்டியதும் வழியைச் சற்றே வளைத்துவிட்டார்கள். நடப்பவருக்குத் திரும்பிய உணர்வே ஏற்படாது.

ஐம்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் நீலக் கும்மட்டம் உண்மையில் ஒன்றல்ல; இரண்டு! வெளியே ஒரு கூடு, உள்ளே ஒரு கூடு. நடுவே பல மீட்டர் இடைவெளி. கும்மட்டத்தின் நேர் கீழே நின்று ஒரு முறை கை தட்டினால், எதிரொலி மீண்டும் மீண்டும் எழுகிறது.

முன்பெல்லாம் ஒவ்வொரு நிற ஓட்டையும் தனித்தனியே சுட்டு, துண்டு துண்டாக நறுக்கி, பதித்துச் சேர்ப்பார்கள். அதற்குக் காலம் பிடிக்கும். ஷா அப்பாஸுக்கோ அவசரம். ஆகவே, சதுர ஓட்டின் மேல் பல வண்ணங்களையும் சேர்த்துத் தீட்டி, ஒரே தடவையில் சுடும் 'ஏழு வண்ண' முறையை இந்த மசூதியில் ஏராளமாகக் கையாண்டார்கள்.

எதிரெதிரே பார்த்தால் ஷேக் லுத்புல்லா மசூதி மிகச் சிறியது. அதற்கு ஸ்தூபியும் இல்லை, முற்றமும் இல்லை. இருண்ட நடை ஒன்றின் வழியே வளைந்து சென்றால், திடீரென்று விதான மண்டபம். சந்தன நிறக் கும்மட்டத்தின் அடியில் உள்ள ஜன்னல் வழியே வெயில் விழும்போது, விதானத்தின் மத்தியில் மயில் தோகை விரித்தாற்போல் ஒளி பரவுகிறது!

பழமையை விரும்புவோர் வெள்ளிக்கிழமை மசூதிக்கும் போக வேண்டும். அங்கே 11-ம் நூற்றாண்டில் எழுந்த இரண்டு செங்கல் கும்மட்டங்கள், வண்ணம் எதுவுமின்றி வெறும் கணக்கினாலேயே அழகு பெற்று விளங்குகின்றன.

இருபது தூண் நாற்பதான கதை

'செஹெல் சொதூன்' என்றால் நாற்பது தூண் மாளிகை. ஆனால் எண்ணிப் பார்த்தால் இருபதுதான்! மீதி இருபது எங்கே? எதிரே உள்ள தடாகத்தில் தெரியும் நிழலையும் சேர்த்தால் கணக்குச் சரியாகிவிடும். அந்த மாளிகைச் சுவரில் இந்தியருக்கு அறிமுகமான ஒருவர் சித்திரத்தில் வீற்றிருக்கிறார். ஷேர் ஷாவிடம் ராஜ்யத்தை இழந்து, பாரசீக மன்னரிடம் உதவி நாடிச் சென்ற ஹுமாயூன்தான் அவர்.

சோறில்லாத பிரியாணி!

நம்மவர் இஸ்பஹானில் 'பெரியானி' என்ற பெயர்ப் பலகையைக் கண்டு ஆவலோடு நுழைந்தால் ஏமாந்து போவார். இலையில் சோறு வராது, ரொட்டிதான் வரும்! ஆட்டுக் கறியை வேகவைத்து, கொத்தி, பட்டைத் தூள் சேர்த்து, சின்னஞ்சிறு வட்டச் சட்டியில் வறுத்து, சூடான ரொட்டியின் மேல் கவிழ்த்துத் தருகிறார்கள். பக்கத்தில் பச்சை வெங்காயமும் வாசனைத் தழையும். 'பெரியான்' என்ற பாரசீகச் சொல்லுக்கு வறுத்தது என்றுதான் பொருள். பிரியாணி என்ற பெயரும் அந்த வேரிலிருந்து வந்ததே.

இனிப்பில் பேர்போனது 'கஸ்'. மலைச் செடிகளில் ஒரு வகைப் பூச்சியினால் உண்டாகும் இனிப்புப் பிசினே இதற்கு ஆதாரம். முட்டை வெண்கரு, பன்னீர், பிஸ்தா சேர்த்துக் கிளறி எடுக்கிறார்கள். 'யானைக் காது' என்று ஒரு பலகாரமும் உண்டு. எண்ணெயில் பொரித்துப் பாகில் தோய்த்த அந்தத் தித்திப்புக்கு, உப்பு மோர்தான் துணை! உள்ளூர்வாசிகள் இரண்டையும் மாறி மாறிச் சுவைக்கிறார்கள்.

கடைவீதியில் செப்புப் பாத்திரம் தட்டும் ஓசை காதைத் துளைக்கும். மர அச்சினால் துணியில் சித்திரம் பதிக்கும் 'கலம்கார்' வேலை இங்கே பிரசித்தம். நம் நாட்டுக் கலம்காரியும் இதே பாரசீகப் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

சென்னைக்கு வந்த ஜூல்பா வணிகர்

ஆற்றின் தென்கரையில் புது ஜூல்பா என்ற பகுதி. ஷா அப்பாஸ், ஆர்மீனியக் கிறிஸ்தவர்களை அவர்களது சொந்த ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார். பட்டு வியாபாரத்தில் கெட்டிக்காரர்களான அவர்கள் கடல் கடந்து சென்னைக்கும் வந்தார்கள். சென்னையின் ஆர்மீனியன் தெரு அவர்கள் நினைவைச் சொல்லும். ஜூல்பா வணிகர் குடும்பத்தில் தோன்றிய பெட்ரஸ் உஸ்கான் என்பவர், 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்தார். அவர் கட்டிய பாலம் இருந்த இடத்தில்தான் பிற்காலத்தில் மறைமலை அடிகள் பாலம் எழுந்தது. பாலங்களால் புகழ் பெற்ற ஊரின் வழியில் வந்தவர், பிழைக்க வந்த ஊருக்கும் ஒரு பாலத்தை விட்டுச் சென்றார்!

நதிக்கு வந்த கேடு

1722-ல் ஆப்கானியர் இஸ்பஹானை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். பஞ்சத்தில் மக்கள் மடிந்தார்கள். சபாவி அரசு வீழ்ந்தது. அதையும் தாங்கி நின்றது இந்த நகரம். இப்போது அதை வாட்டுவது தண்ணீர்த் தட்டுப்பாடு.

ஜாக்ரோஸ் மலையில் பிறக்கும் ஜாயந்தே ரூத் கடலைச் சேர்வதில்லை. கிழக்கே ஓடி, காவ்கூனி என்ற சதுப்பு நிலத்தில் முடிந்துவிடுகிறது. மழை பொய்த்தது ஒரு காரணம். உருக்காலைகளுக்கும், வேற்று மாகாணத்துக்கும், பெருகிய விவசாயத்துக்கும் நீரைத் திருப்பியது மற்றொரு காரணம். 2000-ம் ஆண்டுக்குப் பிறகு நகருக்குள் ஆறு வறண்டு கிடப்பது வாடிக்கையாகிவிட்டது. 2021 நவம்பரில் ஆயிரக்கணக்கான விவசாயிகளும் நகரத்தாரும் வறண்ட ஆற்று மணலிலேயே கூடி நின்று, "எங்கள் நதி எங்கே?" என்று முறையிட்டார்கள். சில நாட்களில் அந்தக் கூட்டம் பலாத்காரமாகக் கலைக்கப்பட்டது.

ஆறு வற்றியதும் கிணறுகள் ஆழமாயின. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சப் பூமி கீழே அமிழ்கிறது. கட்டடங்களில் விரிசல் காண்கிறது. பாலத்தின் அடித்தளத்துக்கு ஈரமே பலம் என்றும், அது காய்ந்தால் ஆபத்து என்றும் நிபுணர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இது போதாதென்று 2025 ஜூன் மாதத்தில் இஸ்பஹான் அணு நிலையங்கள் மீது குண்டு வீச்சும் நடந்தது. ஆகவே, இந்நகரைக் காண விரும்புவோர் நிலைமையை நன்கு விசாரித்த பிறகே பிரயாணத்துக்குத் திட்டமிட வேண்டும். வசந்தமும் இலையுதிர் காலமும் ஏற்ற பருவங்கள்.

மேலே உள்ள அணையிலிருந்து, பயிருக்காக எப்போதாவது சில நாட்கள் தண்ணீர் திறந்துவிடுவதுண்டு. அந்தச் செய்தி பரவியதும் ஊரே கரையில் கூடிவிடும். பெரியவர்கள் குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து, வரும் தண்ணீரைக் காட்டுவார்கள். முப்பத்து மூன்று கண்களும் நீரில் நிழலாடும்போது, பாலத்தின் பாதி வட்டங்கள் முழு வட்டங்களாகிவிடும். தண்ணீர் நின்றதும் அவை மறுபடியும் பாதியாகும். அப்போதும் மக்கள் மாலைதோறும் அங்கே வந்துகொண்டுதான் இருப்பார்கள்.